எழுபத்தெட்டு கிராம்

மே மாத விடுமுறைக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன், பதினொரு வயது, நீச்சல் வகுப்புக்குப் போகிறான். புரதம் நிறையச் சாப்பிட வேண்டும் என்று அங்கே பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை இவனே நிரப்பிக்கொண்டான்.

“அப்புச்சி, புரதம் என்றால் கோழிதானே? அப்படியென்றால் பொரித்த கோழி வாங்கிக் கொடுங்கள்.”

பதினெட்டு வருடம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தவனிடம் வந்து கோழியைப் பற்றி இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? வாங்கிக் கொடுத்தேன். திருப்பூர் போய்விட்டு வரும் வழியில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை ஒன்றில் நின்று, இரண்டு துண்டு பொரித்த கோழி, ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கோப்பை கோலா என்று கட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் அவன் கை நீட்டினான். “இரு சாமி, இரண்டு நிமிடம்” என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து தராசை எடுத்தேன்.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணை நாட்களில் குடிதண்ணீரில் கலக்கும் வைட்டமினையும் மருந்தையும் நிறுக்க வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசு, கிராம் கணக்கில் காட்டும். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் ஐயாயிரம் கோழிக்கான கொட்டகை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. முழங்கால் தேய்ந்த பிறகு விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கொட்டகையில் தேங்காய் கிடக்கிறது. ஆனால் எதைப் பார்த்தாலும் நிறுத்துப் பார்க்கும் புத்தி மட்டும் போகவில்லை. நாற்பது கிராமில் வரும் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறதா என்று வாராவாரம் பிடித்து நிறுத்தவனுக்கு அந்தப் புத்தி எப்படிப் போகும்?

இரண்டு துண்டும் சேர்ந்து 248 கிராம். ஒன்று கால், இன்னொன்று தொடை. மேல்மாவை உரிக்கத் தொடங்கினேன். அது தனியாக வராது. தோலோடு ஒட்டிக்கொண்டு, வாழைமரத்தின் காய்ந்த மட்டையை உரிப்பதைப் போல நீள நீளமாக வரும். அடியில் தோல் வழுவழுவென்று, மேலே மாவு செதில் செதிலாக. உரித்த இடத்தில் கறி வெள்ளையாக, கிட்டத்தட்ட அவித்த கோழியைப் போலவே இருந்தது. பேரன் வாயைப் பிளந்து பார்த்தான். உள்ளே இருப்பது இப்படிச் சாதுவாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

மேல்மாவும் தோலும் 78 கிராம். எலும்பும் குருத்தெலும்பும் 56. கறி 112. கூட்டினால் 246 வருகிறது. காணாமல் போன இரண்டு கிராம் என் விரலிலும் கடைக்காரர் விரித்திருந்த காகிதத்திலும் எண்ணெயாக மினுங்கியது.

பேரன் சொன்னதில் தவறில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தோலில்லாத சமைத்த தொடைக்கறியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 26 கிராம் புரதம் உண்டு. நெஞ்சுக்கறி என்றால் 31. அந்தக் கணக்கில் 112 கிராம் கறியில் 29 கிராம் புரதம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 32 கிராம். ஆக ஒரு வேளையில் ஏறக்குறைய ஒரு நாள் புரதம் வந்துவிட்டது. இட்லியும் பருப்பும் முட்டையும் தனிக் கணக்கு. பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி, பேரனுக்கும் மகிழ்ச்சி.

நான் பார்த்தது அந்தக் கறியோடு கூட வந்தவற்றை. கறி கொடுத்த கலோரி சுமார் 225. உரித்து வைத்த 78 கிராம் மேல்மாவும் தோலும், எண்ணெயும் கொழுப்பும் மாவுமாக, ஏறத்தாழ 310. உருளைக்கிழங்கு வறுவலை நிறுத்தேன்: 116 கிராம், 360 கலோரி. கோலா 400 மில்லி: அதில் சர்க்கரை மட்டும் 42 கிராம், 170 கலோரி. மொத்தம் 1,065. காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் கூட்டினேன். கோழி வாங்கி வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த பொட்டலத்தில், கலோரிக் கணக்கில், கோழிக்கறியின் பங்கு ஐந்தில் ஒன்று. மற்ற நான்கு பங்கும் மைதா, எண்ணெய், தோல், கிழங்கு, சர்க்கரைத் தண்ணீர். பெயர் மட்டும் கோழியுடையது.

பண்ணைக்காரனுக்கு இன்னொரு கணக்கும் தானாக வந்து நிற்கும். கோழி வளர்ந்து பிடிபடும் கடைசிக் கட்டத்தில் போடும் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு இருபது இருக்கும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் அளந்து கலந்தது. அந்தத் தீவனம் தரும் கலோரியில் கால் பங்கு புரதத்திலிருந்து வருகிறது. அந்தக் கோழியைத் தின்ற என் பேரன் தட்டில்? மேல்மாவிலும் கிழங்கிலும் உள்ளதையும் தாராளமாகச் சேர்த்தால் 40 கிராம் புரதம், அதாவது 160 கலோரி. நூற்றுக்குப் பதினைந்து. மனிதப் பிள்ளைக்குக் கோழிக்குஞ்சு அளவுக்குப் புரதம் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தீவனம் ஒரு மூட்டை கூடுதலாகச் செலவானால் கூலியில் கைவைத்துவிடுவார்கள் என்று பயந்து பயந்து கோழிக்கு அளந்து போட்டவன், சொந்தப் பேரனுக்கு எதையும் அளக்காமல் வாங்கிக் கொடுத்திருக்கிறேனே என்று உறுத்தியது.

உப்பைத் தராசில் பிரித்து நிறுக்க முடியாது. பச்சைக் கோழிக்கறியில் நூறு கிராமுக்கு எழுபது எண்பது மில்லிகிராம் சோடியம்தான் இயற்கையாக இருக்கிறது. பொரிக்கும் கடைகளில் கறியை உப்பும் மசாலாவும் கலந்த நீரில் ஊறவைத்து, உள்ளே வரை ஏற்றி, பிறகு உப்பு சேர்த்த மாவிலும் புரட்டுகிறார்கள். இந்த மாதிரி இரண்டு துண்டில் ஒரு கிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு இரண்டு கிராம்தான் சொல்கிறது. அன்று இரவு பேரன் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தான். செம்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

எண்ணெய் எப்படி உள்ளே போகிறது என்பது எனக்கு வெகுநாள் சந்தேகமாக இருந்தது. கொதிக்கும் எண்ணெயில் கிடக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே தள்ளும்வரை எண்ணெய் பெரிதாக உள்ளே நுழைவதில்லை. துண்டை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போதுதான் உள்ளே ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை மாவின் துளைகள் உறிஞ்சுகின்றன. என் வீட்டுக்காரி போண்டா சுடும்போது சல்லடைக் கரண்டியில் அள்ளி, வாணலி மேலேயே இரண்டு உதறு உதறி, சூடு ஆறுவதற்குள் வடிய விடுவாள். அவள் எந்தப் பாடமும் படித்ததில்லை. அவள் அம்மா அப்படி உதறினாள், இவளும் உதறுகிறாள்.

அவளைப் பற்றிச் சொன்னால் அடுத்த கதையையும் சொல்லியாக வேண்டும். நான் தராசும் காகிதமுமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

“ஏங்க, கடைக் கோழியை நிறுத்துவிட்டீர்கள். நாளைக்கு நான் வைக்கும் கோழியையும் நிறுப்பீர்களா?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் பெயரில் ஓடும் இந்தக் கறிக்கு மசாலாப் பொடி கிடையாது. சின்ன வெங்காயம், விதையை உதறிவிட்ட வரமிளகாய், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். கோழியின் சாற்றிலேயே கறி வேகும். இதைக் கடைச்சரக்கோடு ஒப்பிடுவதே பாவம் என்ற நினைப்பில் தைரியமாகத் தராசை அடுப்படிக்குக் கொண்டுபோனேன்.

தோலுரித்த கோழி ஒரு கிலோ, எலும்போடு. வெங்காயம் கால் கிலோ. செக்குக் கடலை எண்ணெயை அவள் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள். ஊற்றும் முன்பும் பின்பும் பாட்டிலை நிறுத்தேன். 60 கிராம். தேங்காய்ப் பல் 90 கிராம். நாலு பேருக்குச் சமையல். சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளுக்கு 36 கிராம் புரதம். நன்று. கொழுப்பு, கறியில் உள்ளதும் எண்ணெயும் தேங்காயுமாக, ஆளுக்கு 31 கிராம்.

கடையின் இரண்டு துண்டில், வறுவலைச் சேர்க்காமல், நான் கணித்த கொழுப்பு 32.

ஒரு கிராம் வித்தியாசம்! காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் விடுவாளா? கேட்டாள், சொன்னேன். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “சோறும் ரசமும் சேர்த்து எவ்வளவு?” என்றாள். சோற்றோடு ஆளுக்கு 740 கலோரி. கிழங்கும் கோலாவும் இல்லாததால் கடையைவிட முந்நூறு குறைவு. “அதைச் சொல்லுங்கள் முதலில்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு பாட்டில் பாதியளவுதான் சாய்ந்தது, தேங்காயும் கையளவாகச் சுருங்கியது. கொழுப்பு ஆளுக்கு 20-க்கு வந்தது. ருசி குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஏதோ சரிக்கட்டியிருந்தாள்.

இதை எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் ஃபாஸ்ட் ஃபுட் என்று பலகை மாட்டியிருப்பது கண்ணாடிக் கதவுக் கடையில் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், தள்ளுவண்டியில் பெரிய இரும்புச் சட்டியும் சீறுகிற அடுப்புமாக நிற்பதுதான் எங்கள் ஃபாஸ்ட் ஃபுட். சிக்கன் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், காளான், கோபி மஞ்சூரியன். பேரன் அதையும் நிறுக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். இதற்குள் தராசு அவன் கைக்குப் போய்விட்டது. ஒரு சிக்கன் ரைஸ் பொட்டலம் 430 கிராம். அதிலிருந்து கோழியை மட்டும் பொறுக்கி எடுத்தான். அரைமணி நேரம் ஆனது, முகத்தைத் தட்டுக்கு அருகே வைத்துக்கொண்டு நகைக்கடை ஆசாரி போல உட்கார்ந்திருந்தான். 46 கிராம், அதிலும் சிவப்பு மாவு ஒட்டியது. எடையில் பத்தில் ஒரு பங்கு. கோலாவை விட்டுவிட்டால், கண்ணாடிக் கதவுக் கடை எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாவது கறியாகக் கொடுத்தது.

“அப்புச்சி, இதற்குச் சிக்கன் ரைஸ் என்று ஏன் பேர்?” என்றான். ரைஸ் என்று பேர் வைத்தால் யார் வாங்குவார்கள் என்றேன்.

அந்தச் சிவப்பைப் பற்றி அவனுக்கே தெரிந்திருந்தது. கர்நாடக அரசு 2024-இல் கோபி மஞ்சூரியனிலும் பிறகு கபாபிலும் செயற்கை நிறம் சேர்ப்பதற்குத் தடை போட்டபோது அவன் பள்ளியில் அதைப் பற்றிப் பேசினார்களாம். எனக்கு நிறத்தைவிட எண்ணெய்தான் கவலை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் என்ற பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. பெரிய கடைகளில் அதை அளக்கக் கருவி வைத்துக்கொள்ளலாம். தள்ளுவண்டிக்காரருக்கு அவர் கண்தான் கருவி. மேலே மேலே புது எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாரே தவிர, நான் நின்ற நேரத்தில் பழையதை வடித்ததைப் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “கறிக்கோழிதானே மாமா, ஊசி போட்டு வளர்த்தது, நாட்டுக்கோழி தின்னச் சொல்லுங்கள்.” இங்கே எனக்குக் கோபம் வந்துவிடும். ஐயாயிரம் கோழிக்கு யார் ஐயா ஊசி போடுவது? வளர்ச்சி ஊசி என்று ஒன்றை என் கொட்டகையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. வளர்ச்சி வம்சத்தில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு வம்சத்துக் கோழியையும் 2005-ஆம் ஆண்டு வம்சத்துக் கோழியையும் ஒரே தீவனத்தில் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாள் பழையது 905 கிராம். புதியது 4 கிலோ 200 கிராம். ஊசியில்லாமல், ஐம்பது வருடத் தேர்வில் வந்தது அது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேறு விஷயம். அதில் எங்கள் தொழில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்தது என்று யாரும் ஊகிக்கலாம். நாட்டுக்கோழியில் கொழுப்பு குறைவு, ருசி கூடுதல், விலை அதைவிடக் கூடுதல். புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதையும் மாவில் புரட்டிப் பொரித்தால் அதுவும் அதே 78 கிராம்தான்.

நக்கெட் என்று சின்னச் சின்ன உருண்டையாக விற்கிறார்களே, அதைப் பேரன் கேட்டான், நான் வாங்கவில்லை. அதில் உரிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். எலும்பைப் பார்த்தால் இது கால், இது தொடை என்று தெரியும். அரைத்து ஒட்டியதில் என்ன தெரியும்? அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்கர் என்ற பேராசிரியர் 1960-களில் அரைத்த கோழியை மாவோடு ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார், காப்புரிமைகூட எடுத்துக்கொள்ளவில்லை. கோழி வளர்ப்போர் பிழைக்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார், எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. 2013-இல் மிசிசிப்பியில் மருத்துவர்கள் இரண்டு கடையின் நக்கெட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது ஒன்றில் பாதி தசை, இன்னொன்றில் பாதிக்கும் குறைவு. மீதி கொழுப்பு, தோல், நரம்பு, எலும்புத் துணுக்கு. கடைக்கு ஒன்று வீதம் இரண்டே உருண்டையை வைத்து உலகத்து நக்கெட்டுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தராசால் அதைப் பிரிக்க முடியாது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முதல் நாள் பேரன் மறுபடியும் அதே பொரித்த கோழி கேட்டான். இந்த முறை பேரம் பேசினோம். கிழங்கு வேண்டாம், கோலாவுக்குப் பதில் வீட்டில் மோர், மேல்மாவை உரித்துவிட்டுக் கறியை மட்டும் சாப்பிடுவது. கறி 225 கலோரி, மோரும் ஒரு கை சோறும் சேர்த்தாலும் ஐந்நூறைத் தாண்டாது. சம்மதித்தான். அவனே உரித்தான், அவனே நிறுத்தான். மேல்மாவும் தோலும் இந்த முறை 81 கிராம். தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கறியைச் சாப்பிட்டான், கொஞ்சம் தியாகி முகத்தோடு.

சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டை நாய்க்குப் போடலாமா என்று கேட்டேன். உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது என்று அவன் அம்மிச்சி, அதாவது என் வீட்டுக்காரி, சொல்லிவிட்டாள். சரி, குப்பைக்கு என்று எடுக்கப் போனவன், பழக்கதோஷத்தில் அதை மறுபடியும் தராசில் வைத்தேன்.

43 காட்டியது.

பேரனைப் பார்த்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றான், விரலில் ஈரம்தான் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அங்கே என் வீட்டுக்காரி முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.